சொல்லாமல் விழுங்கும் ஃபைனலி: பைத்தானின் ஒரு விதி பற்றிய திறனாய்வு

பைத்தானில் எழுதிய ஒரு சிறிய ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். ஒரு கடையின் விற்பனைத் தொகைகள் வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் இருக்கின்றன. கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் முழு எண்ணாக மாற்றி, மொத்தத்தோடு கூட்டிக்கொண்டே போக வேண்டும். இந்த வேலை ட்ரை பிளாக்கில் நடக்கிறது. கோப்பை மூடும் வரி ஃபைனலி பிளாக்கில் இருக்கிறது; அதற்கு அடுத்து, அதே பிளாக்குக்குள், மொத்தத்தைத் திருப்பித் தரும் ரிட்டர்ன். கோப்பின் 40-ஆம் வரியில் 120 இருக்க வேண்டிய இடத்தில், கடைசிப் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்து விழுந்திருக்கிறது. எண்ணாக மாற்ற முடியாமல் வேல்யூ எரர் எழுகிறது. எக்செப்ட் பிரிவு எதுவும் எழுதப்படவில்லை. ஆகவே அந்த எக்செப்ஷன் மேலே, அழைத்தவரிடம் போய்ச் சேர வேண்டும். சேருவதில்லை. போகும் வழியில் ஃபைனலி ஓடுகிறது, கோப்பு மூடப்படுகிறது, ரிட்டர்ன் நிறைவேறுகிறது, எக்செப்ஷன் அங்கேயே அழிந்துவிடுகிறது. அழைத்தவர் கையில் கிடைப்பது முதல் 39 வரிகளின் கூட்டுத்தொகை. அது பாதித் தொகை என்று காட்ட ஓர் அடையாளமும் இல்லை.

அந்த ரிட்டர்ன் வரியை நான்கு இடைவெளி இடப்பக்கம் நகர்த்தினால் ஃபங்ஷன் சரியாகிவிடும். ஃபைனலி முடிந்த பிறகே ரிட்டர்ன் வரும். எக்செப்ஷன் எழுந்தால் அந்த வரியை எட்டவே எட்டாது. பிழை இல்லாத கோப்பில் இரண்டு வடிவங்களும் ஒரே விடையைத் தருகின்றன. சோதனைக் கோப்பு சுத்தமாக இருந்தால் இரண்டும் தேறும். உள்தள்ளலையே இலக்கணமாகக் கொண்ட ஒரு மொழியில், ஒரு படி உள்தள்ளல் கூடுவதால் மட்டும் பிழையறிவிப்பு முழுவதும் ரத்தாகிறது என்பது சிறிய விஷயம் இல்லை.

இது இன்டர்பிரட்டரின் கோளாறு இல்லை. கையேட்டில் எழுதிவைத்த விதி. ஃபைனலியிலிருந்து ரிட்டர்ன், பிரேக், கன்டின்யூ எது வெளியேறினாலும், காத்திருக்கும் எக்செப்ஷன் கைவிடப்படும் என்று பைத்தான் ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. ஜாவாவின் மொழி வரையறையும் இதையே சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இதே நடத்தை; ரூபியின் என்ஷ்யூரிலும் வெளிப்படையான ரிட்டர்ன் இதையே செய்யும். ஆவணத்தில் இருப்பதால் ஒரு விதி நல்ல விதியாகிவிடாது. பலருக்கு வியப்பளிப்பதால் கெட்ட விதியாகியும் விடாது. எடைபோட அளவுகோல் வேண்டும்.

அளவுகோலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1975-இல் குட்இனஃப் எழுதிய கட்டுரையிலேயே எக்செப்ஷன் என்பது ஒரு செயல் தன்னை அழைத்தவரின் கவனத்துக்குக் கொண்டுவரும் நிலை என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. 1979-இல் சிஎல்யூ மொழிக்காக லிஸ்கோவும் ஸ்னைடரும் வகுத்த முறையில், அழைத்தவர் கையாளாமல் விட்ட எக்செப்ஷன்கூட ஃபெயிலியர் என்ற பொது எக்செப்ஷனாக மாறி மேலே போகும், காணாமல் போகாது. இந்த மரபிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே. எக்செப்ஷனை அடக்கலாம், ஆனால் அடக்குகிறேன் என்பதை அடக்குபவர் நிரலில் எழுதியிருக்க வேண்டும். எக்செப்ட் போட்டு அதன் கீழ் வெறுமனே பாஸ் என்று எழுதுவது மோசமான பழக்கம்தான். ஆனாலும் அது எழுத்தில் இருக்கிறது. நிரலைச் சரிபார்ப்பவர் தேடிப் பிடிக்கலாம், எழுதியவரைக் கேள்வி கேட்கலாம். ஃபைனலிக்குள் இருக்கும் ரிட்டர்ன் வெறும் ரிட்டர்னாகத்தான் தெரிகிறது. எந்த எக்செப்ஷனை, எத்தனை வகையை அது அழிக்கிறது என்பது அந்த வரியில் எங்கும் இல்லை.

இனி விதியின் பக்கத்து நியாயம். அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஒரு பிளாக் இயல்பாக முடியலாம், அல்லது ஏதோ ஒரு காரணத்தால் இடையில் முறியலாம். ரிட்டர்ன், பிரேக், கன்டின்யூ, எக்செப்ஷன் நான்கும் அத்தகைய காரணங்களே. ட்ரை ஒரு காரணத்தால் முறிந்து, அதன்பின் ஃபைனலியும் வேறொரு காரணத்தால் முறிந்தால், இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். பிந்தியதை வைத்துக்கொள், முந்தியதை விடு: இதுதான் விதி. நான்கு வகை முறிவுக்கும் ஒரே சூத்திரம், விலக்கு இல்லை. ட்ரையில் ரிட்டர்ன் 1, ஃபைனலியில் ரிட்டர்ன் 2 என்றால் விடை 2 என்பதும் இதே சூத்திரத்திலிருந்தே வருகிறது. கம்பைலர் எழுதுபவருக்கு இது எளிது. முறைசார் இலக்கணம் வகுப்பவருக்கு இன்னும் எளிது. லிஸ்ப்பின் அன்வைண்ட்-ப்ரொடெக்ட்டிலும் துப்புரவு வரிகள் கட்டுப்பாட்டை வேறு திசைக்குத் திருப்பலாம் என்பதால், இதற்கு முன்னோடியும் உண்டு. உள் இயைபு என்ற ஒரே தகுதியால் அளந்தால் இந்த விதிக்கு முழு மதிப்பெண் தர வேண்டும்.

சிக்கல், அந்தச் சூத்திரம் நான்கு வகை முறிவையும் சம எடை உள்ளவையாக நடத்துவதில் இருக்கிறது. ரிட்டர்னும் பிரேக்கும் அந்த ஃபங்ஷனை எழுதியவரின் விருப்பம். அவரே அவற்றை மாற்றிக்கொள்ளலாம். எக்செப்ஷன் அப்படி இல்லை. அது பெரும்பாலும் கீழே வேறொருவர் எழுதிய நிரலிலிருந்து, மேலே வேறொருவர் எழுதிய நிரலுக்குப் போய்க்கொண்டிருக்கும் செய்தி. நடுவில் இருக்கும் ஃபங்ஷனுக்கு அந்தச் செய்தி சொந்தமில்லை. அதைத் துப்புரவுக்கென்று ஒதுக்கிய ஓர் இடத்தில், போகிறபோக்கில் ரத்து செய்யும் அதிகாரத்தை விதி கொடுத்துவிடுகிறது. வடிவத்தில் இயைபு இருக்கிறது. நோக்கத்தோடு இயைபு இல்லை. மொழி வடிவமைப்பில் இவ்விரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்றால், இரண்டாவதைக் காப்பதே முறை என்பது என் நிலை.

இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று அமைப்பைப் பார்த்தால் தெரியும். ஃபைனலி என்பது சுற்றியுள்ள ஃபங்ஷனின் உடலுக்குள்ளேயே இருக்கும் ஒரு பிளாக். அதனால்தான் அங்கே எழுதும் ரிட்டர்ன் முழு ஃபங்ஷனையும் முடித்துவைக்கிறது. துப்புரவைத் தனி ஃபங்ஷனாக அமைத்த மொழிகளில் இந்தத் தொல்லை பிறக்கவே இடமில்லை. சி++ டிஸ்ட்ரக்டருக்குள் ரிட்டர்ன் எழுதினால் அந்த டிஸ்ட்ரக்டர் முடியும், அவ்வளவுதான். அவிழ்ந்துகொண்டிருக்கும் எக்செப்ஷனை அது தொடாது. கோ மொழியின் டிஃபர் ஒரு ஃபங்ஷன் அழைப்பை மட்டுமே ஏற்கும்; அதற்குள் இருக்கும் ரிட்டர்ன் அந்த உள் ஃபங்ஷனைத் தாண்டாது. கோவில் பேனிக்கை நிறுத்த வேண்டுமென்றால் ரிகவர் என்று பெயர் சொல்லி அழைத்தாக வேண்டும். அடக்குபவர் எழுதியிருக்க வேண்டும் என்ற அளவுகோலை இவ்வளவு சுத்தமாக நிறைவேற்றும் மொழிகள் குறைவு. கோவின் பிழை கையாளும் முறை பற்றி எனக்கு வேறு கருத்துவேறுபாடுகள் உண்டு; இந்த ஒரு புள்ளியில் அது சரி.

பைத்தானிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது என்பதுதான் என் வாதத்தின் மையம். 2006-இல் வந்த 2.5 பதிப்பு இரண்டு வேலைகளைச் செய்தது. அதுவரை தனித்தனியாக இருந்த ட்ரை-எக்செப்ட், ட்ரை-ஃபைனலி இரண்டையும் ஒரே கூற்றாக இணைத்தது. வித் என்ற புதிய கூற்றையும் கொண்டுவந்தது. வித்தில் துப்புரவு எக்ஸிட் என்ற தனி மெத்தடில் நடக்கிறது. எழுந்த எக்செப்ஷனின் விவரம் அந்த மெத்தடுக்கே கொடுக்கப்படுகிறது. அது மெய் எனக் கொள்ளத்தக்க மதிப்பைத் திருப்பினால் மட்டும் எக்செப்ஷன் அடங்கும். எதையும் திருப்பாமல் விட்டால் நன் என்று பொருள்; எக்செப்ஷன் தன் வழியே போகும். அதாவது மறதியின் விளைவு பாதுகாப்பான பக்கம் விழும்படி யோசித்து அமைத்திருக்கிறார்கள். பிறகு 3.4 பதிப்பில் வந்த கான்டெக்ஸ்ட்லிப் சப்ரெஸ் இன்னும் ஒரு படி மேல். எந்த வகை எக்செப்ஷனை அடக்குகிறோம் என்பதையே பெயர் சொல்லி எழுத வைக்கிறது. 2.5 என்ற ஒரே பதிப்பில், பக்கத்துப் பக்கத்தில், ஒரு கூற்றில் இவ்வளவு கவனம். இன்னொன்றில் பழைய விதி அப்படியே. ஃபைனலியின் நடத்தையை மாற்றினால் பழைய நிரல்கள் உடையும் என்ற காரணம் இருந்திருக்கும், அது ஏற்கத்தக்கதும்கூட. ஆனாலும் நெறி என்ன என்பது அந்த மொழிக்கு அப்போதே தெரிந்திருந்தது என்பதை வித் காட்டிக்கொடுக்கிறது.

மற்ற மொழிகளின் தீர்வுகளை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஒன்றுகூட முழுமையானதாக இல்லை.

சி# தொடக்கத்திலேயே கதவை அடைத்தது. ஃபைனலியின் உடலைவிட்டுக் கட்டுப்பாடு வெளியேறக் கூடாது என்பது அங்கே கம்பைலர் பிழை. நிரல் ஓடவே ஓடாது. ஸ்விஃப்ட்டின் டிஃபரும் அப்படியே. எளிய, உறுதியான முடிவு. ஆனால் சி# அடைத்தது இரண்டு கதவுகளில் ஒன்றைத்தான். ஃபைனலிக்குள் அழைக்கும் எந்த மெத்தடும் புதிய எக்செப்ஷனை எழுப்பலாம். அதை சி# கம்பைலர் தடைசெய்வதில்லை. அப்படி எழுந்தால், முன்பு போய்க்கொண்டிருந்த எக்செப்ஷன் தொலைந்துபோகும் என்று சி# வரையறையே ஒப்புக்கொள்கிறது. யூசிங் கூற்றும் உள்ளுக்குள் ட்ரை-ஃபைனலியாகவே விரிவதால் அங்கும் அதே கதி. டபிள்யூசிஎஃப் என்ற தன் நெட்வொர்க் சேவை நூலகத்தின் கிளையன்ட்டுகளை யூசிங்கில் வைக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்திலேயே எச்சரிக்க வேண்டி வந்தது. இணைப்பை மூடும்போது எழும் எக்செப்ஷன், உண்மையில் நடந்த பிழையை மறைத்துவிடும் என்பதே காரணம்.

பைத்தானின் பலமும் பலவீனமும் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கின்றன. பைத்தான் 3 தொடங்கி, ஃபைனலிக்குள் புதிய எக்செப்ஷன் எழுந்தால் பழையது அதன் கான்டெக்ஸ்ட் என்ற பண்பில் தொங்கிக்கொண்டு உடன் வரும். ட்ரேஸ்பேக்கில் இரண்டும் அச்சாகும். சி# தொலைக்கும் இடத்தில் பைத்தான் காப்பாற்றுகிறது. சி# தடுக்கும் இடத்தில் பைத்தான் தொலைக்கிறது. இரண்டு கதவையும் கவனித்த மொழி, நான் அறிந்தவற்றுள், வால்டர் பிரைட்டின் டி. அதில் ஃபைனலியிலிருந்து ரிட்டர்ன், பிரேக், கோட்டூ எதனாலும் வெளியேற முடியாது. அங்கே எழும் புதிய எக்செப்ஷன், முதல் எக்செப்ஷனின் பின்னால் சங்கிலியாகக் கோக்கப்படுகிறது. பரவலாகப் பயன்படாத ஒரு மொழி இந்த விஷயத்தில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய மொழிகளைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது. இது உரிய கவனம் பெறவில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஜாவாவின் கதை வேறு விதம். ஃபைனலி விதியை அது மாற்றவே இல்லை. ஜாவாசி கம்பைலரிடம் எக்ஸ்லின்ட் வழியாகக் கேட்டால், ஃபைனலி இயல்பாக முடியாது என்றொரு எச்சரிக்கை மட்டும் வரும். மாற்றுவதற்குப் பதிலாக, ஃபைனலியின் தேவையையே குறைக்கும் வழியை ஜாவா தேர்ந்தது. 2011-இல் ஜாவா 7 கொண்டுவந்த ட்ரை-வித்-ரிசோர்சஸ் கூற்றில், உடலில் எழுந்த எக்செப்ஷனே முதன்மையானது. மூடும்போது எழுந்தது அதனோடு சப்ரெஸ்டு பட்டியலில் சேரும். முக்கியமான செய்தி முன்னால் நிற்கும், பின்விளைவு அதன் பின்னால் வரும், எதுவும் தொலையாது. அதற்கு முன் நிலைமை என்னவாக இருந்தது என்பதற்கு ஜாஷுவா பிளாக்கின் சாட்சியே போதும். 2007-இல் ஜாவாவின் சொந்த நூலகங்களில் குளோஸ் மெத்தடை அழைத்த இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு தவறாக இருந்தன என்று அவர் எழுதியிருக்கிறார். தன்னுடைய ஜாவா பஸ்லர்ஸ் நூலிலும் அதைத் தவறாக எழுதியதாகவும், ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். மொழியின் விதிகளைப் புதிர்களாகவே தொகுத்து நூல் எழுதியவருக்கும், அந்த மொழியின் நூலகத்தை எழுதியவர்களுக்கும் கைவராத ஒரு கூற்றைப் பயன்படுத்துபவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. குறை கூற்றில் இருக்கிறது.

துப்புரவில் இன்னொரு எக்செப்ஷன் எழும் விஷயத்தில் சி++ கடுமையான பக்கம். ஒரு எக்செப்ஷன் அவிழ்ந்துகொண்டிருக்கையில் டிஸ்ட்ரக்டரிலிருந்து இன்னொன்று தப்பி வெளியேறினால் டெர்மினேட் அழைக்கப்பட்டு நிரலே நின்றுவிடும். சி++11 முதல் டிஸ்ட்ரக்டர்கள் இயல்பிலேயே நோஎக்செப்ட். முரட்டுத்தனம்தான். ஆனால் மௌனம் இல்லை.

பைத்தானுக்குத் திரும்புவோம், ஏனெனில் பைத்தான் இந்த வழக்கைப் பலமுறை விசாரித்திருக்கிறது. முதல் தீர்ப்பு தற்செயலானது. 3.8 பதிப்பு வரை ஃபைனலிக்குள் கன்டின்யூ எழுதினால் சின்டாக்ஸ் எரர். ரிட்டர்னுக்கும் பிரேக்குக்கும் அந்தத் தடை இல்லை. தடைக்குக் காரணம் நெறி எதுவும் இல்லை, உள் அமைப்பில் இருந்த ஒரு சிக்கல் என்று 3.8-இன் அறிவிப்பே சொல்கிறது. சிக்கல் தீர்ந்ததும் தடையும் நீங்கியது. சரியான தடை தவறான காரணத்துக்காக இருந்ததால், காரணம் போனதும் தடையையும் எடுத்துவிட்டார்கள். அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கன்டின்யூவை ஏன் அனுமதிக்கவில்லை என்பதைவிட, மற்ற இரண்டையும் ஏன் அனுமதிக்கிறோம் என்பதே.

அந்தக் கேள்வியை 2019-இல் பெப் 601 என்ற மொழி மேம்பாட்டு முன்மொழிவு கேட்டது. ஃபைனலியிலிருந்து வெளியேறும் மூன்று கூற்றுகளையும் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் முன்மொழிவு. பைத்தானின் வழிகாட்டுக் குழு அதை நிராகரித்தது. தவறாகப் பயன்படக்கூடிய ஒரு வசதியை மொழி தடைசெய்ய வேண்டியதில்லை, பாணி வழிகாட்டியும் லின்ட்டர்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது எதிர்வாதத்தின் சாரம். பாணி வழிகாட்டியான பெப் 8-இல் அதற்கேற்ப ஓர் அறிவுரை சேர்ந்தது. பைலின்ட்டில் லாஸ்ட்-எக்செப்ஷன் என்ற பெயரிலேயே ஒரு விதி உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் ஈஎஸ்லின்ட்டின் நோ-அன்சேஃப்-ஃபைனலி. இந்த வாதம் பொதுவாக எனக்கு உடன்பாடானது. பெயர் சூட்டும் முறை, வரி நீளம், இறக்குமதி வரிசை போன்றவற்றில் மொழி தலையிடாமல் இருப்பதே நல்லது. ஆனால் ஒரு கூற்றுக்குச் சரியான பயன்பாடே இல்லை என்றால், அது பாணி பற்றிய விஷயமாக இருக்க முடியாது. எல்லா எக்செப்ஷனையும் அடக்கி ஒரு மதிப்பைத் திருப்ப வேண்டும் என்று ஒருவர் உண்மையிலேயே விரும்பினால், அதை எக்செப்ட் பிரிவில் எழுதலாம். விருப்பமும் வெளிப்படையாகத் தெரியும். ஃபைனலியில் எழுதுவதால் கூடுதலாகக் கிடைப்பது மறைவு ஒன்றுதான்.

சரியான பயன்பாடு இல்லை என்பதை 2019-இல் யாரும் அளந்து காட்டவில்லை. பின்னால் பெப் 765 அதைச் செய்தது. இரிட் காட்ரியேலும் அலிஸ்ஸா காக்லனும் எழுதிய இந்த முன்மொழிவின் வலிமை அதன் ஆய்வுமுறையில் இருக்கிறது. பைத்தான் தொகுப்புக் களஞ்சியமான பைபிஐயில் அதிகம் பயன்படும் 8000 தொகுப்புகள், 12 கோடிக்கும் மேற்பட்ட வரிகள் அலசப்பட்டன. ஃபைனலியிலிருந்து வெளியேறும் கூற்றுகள் கிடைத்த இடங்கள் 203. பெரும்பாலும் ரிட்டர்ன், சில பிரேக், கன்டின்யூ ஒன்றுகூட இல்லை. அவற்றில் உறுதியாகச் சரியானவை 46. அவையும் இந்த வடிவத்தையே சோதிப்பதற்காக எழுதப்பட்ட சோதனை நிரல்கள், லின்ட்டர்களின் சோதனைகளைப் போல. இன்னும் 8 சரியாக இருக்கக்கூடும்; அவற்றையும் இந்த வடிவம் இல்லாமலே எழுதிவிடலாம். இந்த ஒரு கணக்கு இரண்டு தரப்பு வாதங்களையும் ஒருசேர இடம் மாற்றிவிடுகிறது. இவ்வளவு அரிதாக வருவதால் தடைசெய்வதால் உடைவது மிகக் குறைவு. வந்த இடங்களிலும் தவிர்க்க முடியாத பயன்பாடு தென்படாததால் தடைசெய்வதால் இழப்பும் இல்லை. அருவமான விவாதமாக இருந்ததை எண்ணிக் காட்டக்கூடிய கேள்வியாக மாற்றியதே இந்த முன்மொழிவின் சாதனை. மொழி வடிவமைப்பு விவாதங்களில் இந்தத் தரம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

2019-க்கும் இதற்கும் இடையே பாதிப்பின் அளவும் ஏறிவிட்டது. இதை நான் கூடுதல் அழுத்தத்தோடு சொல்ல விரும்புகிறேன். எக்செப்ஷன் பிழையை மட்டும் சுமப்பதில்லை. பைத்தானின் அசிங்க்ஐஓ நூலகத்தில் ஒரு டாஸ்க்கை நிறுத்து என்ற கட்டளையே கேன்சல்டு எரர் என்ற எக்செப்ஷனாகத்தான் உள்ளே வருகிறது. 3.11-இல் வந்த டாஸ்க்குரூப்பும் டைம்அவுட்டும் இந்த வழியை நம்பியே இயங்குகின்றன. நெட்வொர்க்கிலிருந்து தரவைப் படிக்கும் ஒரு கோரூட்டினை நினைத்துப் பாருங்கள். அதன் ஃபைனலியில் இணைப்பை மூடிவிட்டு, இதுவரை வந்த தரவை ரிட்டர்ன் செய்கிறது. கெடு முடிகிறது, கேன்சல்டு எரர் உள்ளே எறியப்படுகிறது, ரிட்டர்ன் அதை அழிக்கிறது. வெளியே டைம்அவுட் எழுப்ப வேண்டிய பிழை எழாது. பாதித் தரவு முழுத் தரவாக மேலே போகும். கடையின் 39 வரிக் கணக்கில் நடந்த அதே தவறு, இம்முறை கோப்பில் எந்த எழுத்துப்பிழையும் இல்லாமலே நடக்கிறது.

இங்கே 3.8 பதிப்பின் முரண் முழுதாக வெளிப்படுகிறது. எக்செப்ட் எக்செப்ஷன் என்று பொதுவாக எழுதுபவர்கள் தற்செயலாக விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே, அந்தப் பதிப்பில் கேன்சல்டு எரரை எக்செப்ஷன் வகுப்பிலிருந்து வெளியே எடுத்து, கீபோர்டு இன்ட்டரப்ட், சிஸ்டம் எக்ஸிட் இருக்கும் வரிசையில், பேஸ் எக்செப்ஷனின் நேரடி வாரிசாக வைத்தார்கள். நல்ல முடிவு. அதே பதிப்பில்தான் ஃபைனலிக்குள் கன்டின்யூவுக்கும் அனுமதி கிடைத்தது. ஓயாமல் சுழலும் ஒரு வைல் லூப்பில் ட்ரைக்குள் வேலையையும் ஃபைனலிக்குள் கன்டின்யூவையும் எழுதினால், வேலை நடக்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்தியும் அந்த லூப்பை நிறுத்த முடியாது. கீபோர்டு இன்ட்டரப்ட்டும் அதோடு போகும். வகுப்புப் படிநிலையில் கவனமாகக் கட்டிய காப்பு எதுவும் ஃபைனலியிடம் செல்லாது. ஏனென்றால் ஃபைனலி வகை பார்ப்பதே இல்லை.

பெப் 765 ஏற்கப்பட்டு, 2025 அக்டோபரில் வெளியான 3.14 பதிப்பில் நடைமுறைக்கு வந்தது. ஃபைனலியைவிட்டு வெளியேறும் ரிட்டர்ன், பிரேக், கன்டின்யூவுக்கு இப்போது சின்டாக்ஸ் வார்னிங் வரும். ஃபைனலிக்குள்ளேயே இருக்கும் ஒரு லூப்பின் பிரேக்குக்கோ, உள்ளே வரையறுத்த ஃபங்ஷனின் ரிட்டர்னுக்கோ எச்சரிக்கை இல்லை. எல்லைக்கோடு துல்லியமாக வரையப்பட்டிருக்கிறது. இதைச் சின்டாக்ஸ் எரராக எழுப்ப மொழி வரையறை இடம் தருகிறது. முதன்மை இன்டர்பிரட்டரான சிபைத்தான் அதைச் செய்யுமா, எப்போது செய்யும் என்பது திறந்தே விடப்பட்டிருக்கிறது.

எச்சரிக்கையின் குறை, அது யார் கண்ணில் படும் என்பதில் இருக்கிறது. சின்டாக்ஸ் வார்னிங் நிரல் கம்பைல் ஆகும் கணத்தில் மட்டுமே வரும். ஒருமுறை பைட்கோடாகச் சேமிக்கப்பட்டுவிட்டால், அடுத்த ஓட்டங்களில் வராது. பிப் வழியாக நிறுவும் தொகுப்புகள் பெரும்பாலும் நிறுவும்போதே கம்பைல் ஆகிவிடுகின்றன. ஆகவே தான் எழுதிய நிரலை ஓட்டுபவர் எச்சரிக்கையைப் பார்ப்பார். அவர் நம்பியிருக்கும் நூலகத்தில் இருக்கும் அதே தவறு அவருக்குத் தெரியாமலேயே போகலாம். பராமரிப்பு நின்றுபோன தொகுப்பில் எச்சரிக்கையைக் கேட்கவும் ஆள் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. பிந்திய முறிவே வெல்லும் என்ற ஃபைனலி விதி, வடிவ ஒழுங்கில் தேர்ந்தது, நோக்கத்தில் தவறியது. அடக்குபவர் எழுதியிருக்க வேண்டும் என்ற அளவுகோலில் அது தோற்கிறது. பெப் 601-ஐ நிராகரித்தது, அன்று கையில் இருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தாலும் பிழையான முடிவு. வித் கூற்றின் முன்மாதிரி ஒன்றே மறுபடி யோசிக்கப் போதுமான காரணமாக இருந்தது. பெப் 765 சரியான முடிவை, சரியான முறையில், பாதி தூரம் கொண்டுவந்திருக்கிறது. மீதி தூரம் சின்டாக்ஸ் எரர். தவிர்க்க முடியாத பயன்பாடு ஒன்றுகூடக் கிடைக்காத ஒரு கூற்றுக்கு அதைத் தள்ளிப்போடக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அது நடந்தாலும் இன்னொன்று பாக்கி இருக்கும். ஃபைனலியில் எழும் புதிய எக்செப்ஷன் பழையதைக் காப்பாற்றித் தூக்கி வருகிறது என்று மேலே பாராட்டினேன். ஆனால் வரிசை தலைகீழ். கீ எரருக்காக மேலே காத்திருக்கும் எக்செப்ட் பிரிவுக்கு, கோப்பை மூடும்போது எழுந்த ஓஎஸ் எரர்தான் முன்னால் வந்து நிற்கும்; கீ எரர் அதன் கான்டெக்ஸ்டில் ஒளிந்திருக்கும்; எக்செப்ட் பொருந்தாது. டியும் ஜாவா 7-உம் முதலில் எழுந்ததை முதன்மையாக வைத்தன. பைத்தான் எக்செப்ட் பிரிவுக்குள் எழும் எக்செப்ஷனையும் ஃபைனலிக்குள் எழுவதையும் ஒரே மாதிரி நடத்துகிறது. முன்னதில் அது சரி. அங்கே ஒருவர் பழைய பிழையைக் கையில் வாங்கி, அதற்குப் பதில் புதியதைத் தருகிறார். பின்னதில் யாரும் எதையும் கையில் வாங்கவில்லை. ஆனாலும் மேற்கண்ட எக்செப்ஷனைக் கையாளும்போது இன்னொன்று எழுந்தது என்ற அதே வாசகத்தைத்தான் ட்ரேஸ்பேக் இரண்டு இடத்திலும் அச்சிடுகிறது. ஃபைனலியைப் பொறுத்தவரை அந்த வாசகம் உண்மையில்லை. 3.11 முதல் பல எக்செப்ஷன்களை ஒன்றாகச் சுமக்கும் எக்செப்ஷன் குரூப் மொழியில் இருக்கிறது. துப்புரவில் எழுந்ததையும் உடலில் எழுந்ததையும் உரிய வரிசையில் கொண்டுசேர்க்க அதைப் போன்ற ஒரு வழியை ஃபைனலிக்கும் வகுக்க முடியுமா என்பதே அடுத்து எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கு. பழைய நிரல்களை உடைக்காமல் அதைச் செய்வது ரிட்டர்னைத் தடைசெய்வதைவிட மிகக் கடினம். எத்தனை எக்செப்ட் பிரிவுகள் இன்றைய வரிசையை நம்பி எழுதப்பட்டிருக்கின்றன என்ற கணக்கை, பெப் 765 செய்தது போல, யாராவது முதலில் எடுத்தாக வேண்டும்.